அறுபத்து மூன்றில் ஆரம்பப் பாடம்

கடந்த பொங்கல் விழாவில் என்னைப் பார்த்த சங்க அன்பர்கள் பலரும், "என்ன சார், இளைத்துவிட்டீர்களே, உடம்புக்கு ஏதாவது?" என்று கவலையோடு விசாரித்தார்கள். ஜிம்முக்குப் போகிறேன் என்றதும் கவலை போய்ச் சிரிப்பு வந்தது. சிரித்தவர்களில் நான்கு பேர் பிறகு தனித்தனியாக வந்து, "ஃபீஸ் எவ்வளவு சார்?" என்று கேட்டார்கள். அந்த நால்வருக்காகவே இதை எழுத உட்கார்ந்தேன்.

சிவில் எஞ்சினீயரிங்கில் டிப்ளமா முடித்து, இரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்தவன் நான். காட்பாடியிலிருந்து சித்தூர், பாகாலா, திருப்பதி, ரேணிகுண்டா வழியாகக் கூடூர் போகும் பாதையில் என் கால் படாத ஸ்லீப்பர் குறைவு. தள்ளு டிராலியில் போவதும், இறங்கி நடப்பதும், சரளைக்கல்லில் தடுமாறுவதுமாகப் பத்துப் பதினைந்து வருடங்கள் ஓடின. அப்போது எனக்கு உடற்பயிற்சி என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை. கேங்மேன்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மீட்டருக்கு 52 கிலோ எடையுள்ள தண்டவாளம், 13 மீட்டர் நீளம் என்றால் 676 கிலோ. பன்னிரண்டு பேர் பிடித்தால் ஆளுக்கு 56 கிலோ. ஒருவர் குரல் கொடுக்க, மற்றவர்கள் ஒரே மூச்சில் தூக்குவார்கள். அவர்களில் தொப்பை வைத்தவர் எவரையும் நான் கண்டதில்லை.

பிறகு பதவி உயர்வு வந்தது; கூடவே நாற்காலியும் மேஜையும் ஃபைலும், நாளைக்கு ஆறு டீயும் வந்தன. ஓய்வு பெற்ற 2018இல் என் எடை 86 கிலோ. சர்க்கரைக்கு இரண்டு மாத்திரை, இரத்த அழுத்தத்துக்கு ஒன்று.

நம் இரயில்வேக்காரர்களுக்கு ஒரு செய்தி. 1962இல் அமெரிக்காவில் இரயில்வே ஊழியர்களை வைத்தே ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். உட்கார்ந்து வேலை செய்யும் கிளார்க்குகளோடு ஒப்பிட்டால், தண்டவாளத்தில் வேலை செய்த தொழிலாளிகளிடையே இதய நோய் மரணம் ஏறக்குறையப் பாதிதான். நம் நாட்டிலும் எஸ்.எல். மல்ஹோத்ரா என்ற இரயில்வே மருத்துவர் 1967இல் எழுதினார்: வடக்கே பஞ்சாப் பக்கத்து ஊழியர்களைவிடத் தென்னிந்திய ஊழியர்களிடம் மாரடைப்பு மரணம் ஏழு மடங்கு அதிகம் என்று. அதற்கு அவர் சொன்ன காரணங்களை மருத்துவ உலகம் முழுதும் ஏற்கவில்லை. ஆனாலும் நாம் அந்தத் தென்னிந்தியக் கணக்கில்தான் வருகிறோம் என்பது எனக்கு உறைத்தது. உறைத்ததோடு சரி, ஒன்றும் செய்யவில்லை.

2019இல் பேரன் பிறந்தான். அலிபிரி வழியாகத் திருமலைக்கு நடந்தே வருவதாக என் இல்லத்தரசி வேண்டிக்கொண்டிருந்தாள். 3,550 படிகள், ஏறத்தாழ ஒன்பது கிலோமீட்டர். தண்டவாளத்தில் நடந்தவனுக்கு இதென்ன என்று விடியற்காலையில் கிளம்பினேன். காலி கோபுரம் வரைகூடச் சரியாக ஏறவில்லை. தொடை நடுங்கியது, கண் இருட்டியது. பக்கத்தில் எழுபது வயதுப் பாட்டியம்மா ஒருவர், ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்தபடியே என்னைத் தாண்டிப் போனார். "ஏங்க, நீங்க இறங்கி பஸ்ல வந்துடுங்க, நான் போய்க்கிறேன்" என்றாள் இவள். இறங்கினேன். ஏறியதைவிட இறங்கியதில்தான் முழங்கால் அதிகம் வலித்தது.

அந்த வேகத்தில் ஒரு ஜிம்மில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். கண்ணாடியும் ஏ.சி.யும் பாட்டுச் சத்தமுமாக இருந்தது. ஆறு மாதப் பணத்தை முதலிலேயே வாங்கிக்கொண்டார்கள். வயதைக் கேட்டார்களே தவிர வியாதியைக் கேட்கவில்லை. முதல் நாளே கால்களால் பளு தள்ளும் இயந்திரத்தில் படுக்கவைத்து, "இன்னும் ரெண்டு, இன்னும் ரெண்டு" என்றார்கள். மறுநாள் இடுப்பு பிடித்துக்கொண்டது. பன்னிரண்டு நாள் படுக்கை. நலம் விசாரிக்கப் போன் செய்தவர்கள் புரோட்டீன் பவுடர் டப்பா ஒன்றையும் சிபாரிசு செய்தார்கள். அத்தோடு விட்டேன். அடுத்து கொரோனா வந்தது. 2020 மார்ச்சில் பூட்டிய ஜிம்களுக்கு ஆகஸ்டு 5ஆம் தேதிக்குப் பிறகுதான் மறுபடி அனுமதி கிடைத்தது.

அந்த ஆண்டுதான் என் தாயார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். ஒன்பது மாதம் படுக்கை. அதோடு போய்ச் சேர்ந்தார். அம்மாவைத் தூக்கி உட்காரவைக்க ஒவ்வொரு முறையும் பக்கத்து வீட்டுத் தெலுங்குப் பையனைக் கூப்பிட வேண்டியிருந்தது. பெற்ற பிள்ளையான என்னால் முடியவில்லை. அவனும் முகம் சுளிக்காமல் வந்தான். ஆனால் ஓர் இரவு இவள் கேட்டாள்: "அத்தைக்கு நாம இருக்கோம். நமக்கு யாருங்க?" மகன் ஹைதராபாத்தில், மகள் அமெரிக்காவில். சொந்தபந்தமெல்லாம் அரக்கோணத்திலும் ஆற்காட்டிலும். பிழைக்க வந்த ஊரில் வீடு கட்டிக்கொண்ட நம்மில் பலருடைய நிலைமையும் இதுதானே. அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

2021 கடைசியில் சித்தூரில் எங்கள் வீட்டுக்கு அருகே, இரும்புக்கடை மாடியில் இருக்கும் சின்ன ஜிம்முக்குப் போனேன். ஏ.சி. கிடையாது. சுவரில் ஓர் அனுமார் படம், கீழே துருப்பிடித்த இரும்புத் தட்டுகள். அந்தப் படத்தைப் பார்த்ததும் சிறுவயதில் பார்த்த தாலிம்கானா ஞாபகம் வந்தது: கர்லாக்கட்டை, தண்டால், பஸ்கி, செம்மண் வாசனை. ஜிம் ஏதோ வெளிநாட்டுச் சரக்கு என்று நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன். அமராவதியில் (நம் ஆந்திரத்து அமராவதி அல்ல, மகாராஷ்டிரத்தில் உள்ளது) ஹனுமான் வியாயாம் பிரசாரக் மண்டல் 1914இலேயே தொடங்கியது. பெங்களூரில் கே.வி. அய்யர் ஹெர்குலிஸ் ஜிம்னேசியம் நடத்தி ஒரு தலைமுறையையே பயிற்றுவித்தார். அவர் கன்னடத்தில் நாவலும் எழுதியவர்.

பயிற்சியாளர் இருபத்தாறு வயதுப் பிள்ளை. சித்தூர்க்காரன் ஆகையால் பாதி தமிழ், பாதி தெலுங்கு. பளு எதையும் தொடவிடாமல் ஒரு நாற்காலியைப் போட்டான். "கைய மார்ல கட்டிக்குங்க சார். முப்பது செகண்டுல எத்தனை தடவை எழுந்து உக்கார்றீங்க, பாக்கலாம்." ஒன்பது தடவை. அறுபதிலிருந்து அறுபத்து நான்கு வயது வரை உள்ள ஆணுக்குப் பதினான்காவது வேண்டுமாம், பெண்ணுக்குப் பன்னிரண்டு. வாசகர்கள் இப்போதே எழுந்து செய்து பார்க்கலாம். கையில்லாத, சுவரை ஒட்டிப் போட்ட நாற்காலியாக இருக்கட்டும். என் கணக்கை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு, டாக்டரிடம் சீட்டு வாங்கி வரச் சொன்னான். ஃபீஸ் அன்றைக்கு மாதம் 700 ரூபாய்.

முதல் மாதம் முழுக்க நாற்காலியும், சுவரில் தண்டாலும், இரண்டு கிலோ டம்பெல்லும்தான். எனக்கு அவமானமாக இருந்தது. "நிதானங்கா சார்" என்பான். வாரத்தில் இரண்டு நாள் பளு, மற்ற நாட்களில் கட்டமஞ்சி ஏரிப் பக்கம் நடை. உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னதும் இதுவே: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, குறைந்தது இரண்டு நாள் தசைக்குப் பயிற்சி, அறுபத்தைந்து கடந்தவர்களுக்குத் தடுமாறாமல் நிற்கும் பயிற்சி கூடுதலாக. நம்மில் பலர் நடையோடு நிறுத்திவிடுகிறோம். நடை இதயத்துக்கு நல்லது. கரைந்துபோகும் தசையை அது மட்டும் மீட்டுத் தராது.

எஞ்சினீயர் புத்தி சும்மா இருக்குமா? தண்டவாளம் ஒவ்வொரு சக்கரம் ஏறும்போதும் கொஞ்சம் களைக்கிறது. களைப்பு சேர்ந்து சேர்ந்து உள்ளுக்குள் விரிசலாகிறது. அதைக் கண்டுபிடிக்கத்தான் அல்ட்ராசானிக் சோதனை. இரும்புக்குத் தன்னைத் தானே ரிப்பேர் செய்துகொள்ளத் தெரியாது. எலும்புக்குத் தெரியும். பாரம் விழும் இடத்தில் எலும்பு தன்னைப் பலப்படுத்திக்கொள்கிறது என்று ஜெர்மானிய மருத்துவர் ஜூலியஸ் வொல்ஃப் 1892இல் எழுதிவைத்தார். தசையும் அப்படியே. ஆனால் ஓய்வு கொடுக்க வேண்டும், பாரத்தைச் சிறிது சிறிதாக ஏற்ற வேண்டும். முதல் ஜிம்மில் என்னிடம் செய்தது, புதிதாகப் போட்ட பாதையில் முதல் நாளே சரக்கு வண்டியை முழு வேகத்தில் விட்டதுதான். இந்த வயதில் இனி என்ன வளரப்போகிறது என்று கேட்கலாம். 1990இல் அமெரிக்காவில் முதியோர் இல்லத்தில் இருந்த, சராசரி தொண்ணூறு வயதான பத்துப் பேருக்கு எட்டு வாரம் பளுப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். ஒருவர் இடையில் நின்றுவிட்டார். மற்ற ஒன்பது பேரின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது.

இரண்டு எச்சரிக்கைகள். பளு தூக்கும்போது மூச்சைப் பிடிக்கக் கூடாது. இரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் சட்டைப்பையில் சர்க்கரை வைத்திருக்க வேண்டும். எனக்கு ஒரு நாள் வியர்த்துக் கொட்டியபோது அதுதான் கைகொடுத்தது. பவுடர் டப்பா எதுவும் நான் வாங்கவில்லை. முதியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும் என்கிறார்கள். சாதம், ரசம், அப்பளத்தில் அது வராது. பெசரட்டு, சுண்டல், தயிர், நிலக்கடலை, முட்டை சாப்பிடுபவர்களுக்கு முட்டை என்று தட்டை மாற்றினோம். ராகி சங்கடி இந்த மண்ணின் சொத்து. ஆனால் நம் வீடுகளில் அதைக் கண்டால் இன்னும் முகம் சுளிக்கிறார்கள்.

இவளை அழைத்துப்போகத்தான் பாடுபட்டேன். "சேலை கட்டிக்கிட்டு இரும்பு தூக்கவா?" என்றாள். பத்து மணிக்கு மேல் பெண்களுக்கென்று தனி நேரம் உண்டு என்றேன்; அசையவில்லை. ஸ்ரீகாகுளம் பக்கத்து ஆமதாலவலசாவில் வளர்ந்த கர்ணம் மல்லேஸ்வரி 2000இல் சிட்னியில் மொத்தம் 240 கிலோ தூக்கி, ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண்மணி ஆனார் என்று கதை சொன்னேன். அதுவும் பலிக்கவில்லை. எதிர்வீட்டு ரெட்டியார் அம்மா சேர்ந்ததும், மறுநாளே சுடிதார் தைக்கக் கொடுத்தாள்.

2023 பிப்ரவரியில் மறுபடி அலிபிரி. அப்போது என் எடை 75 கிலோ. நாற்காலிக் கணக்கு பதினேழு. காலி கோபுரத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தோம். கடைசியில் வரும் செங்குத்துப் படிகளுக்கு மோகாள்ள மெட்டு என்று பெயர். தெலுங்கில் மோகாலு என்றால் முழங்கால். அங்கே இரண்டு இடத்தில் நின்றேன். இவள் நிற்கவில்லை. ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆயிற்று.

மறுவாரம் ஜிம்மில் லட்டைக் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். பையன் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டான். நோட்டைத் திறந்து தேதியைக் குறித்தான். பிறகு கம்பியின் இரண்டு பக்கமும் இன்னொரு இரண்டரைக் கிலோவை மாட்டினான்.