15 வாட் போதும் என்ற கொம்பனி

வாழைச்சேனையிலிருந்து ஒரு வாசகர் கடிதம் எழுதியிருக்கிறார். கடதாசி ஆலையில் வேலை பார்த்த பெரியப்பாவின் வீட்டைத் துப்புரவாக்கியபோது, கண்ணாடி வால்வுகள் நிற்கும் இரண்டு கனத்த இரும்புப் பெட்டிகள் கிடைத்தனவாம். மேலே 'குவாட்' என்று பெயர். பழைய இரும்பு வாங்க வருகிறவர் கிலோக் கணக்கில் விலை பேசிவிட்டுப் போயிருக்கிறார். "கொடுத்துவிடவா?" என்று கேட்கிறார். கொடுக்காதீர்கள். ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பக்கம்.

அம்பிளிபயர் என்றால் என்ன, ஸ்பீக்கர் என்றால் என்ன என்று கிரானில் இருந்துகொண்டு விளக்க வேண்டியதில்லை. வைகாசியில் அம்மன் சடங்கு தொடங்கினால் நாலு திசையும் பார்த்துக் கட்டிய குழாய்கள் பச்சைக் குழந்தைக்கும் அதைப் படிப்பித்துவிடும். நேரே கதைக்கு வருகிறேன்.

பீற்றர் வோக்கர் 1936 இல், இருபதை ஒட்டிய வயதில், லண்டனில் ஒரு சிறு கொம்பனியைத் தொடங்கினார். அக்கூஸ்டிக்கல் மனுபக்சரிங் கொம்பனி என்று அதற்குப் பெயர். முதலில் செய்தது பொது இடங்களுக்கான ஒலிபெருக்கிச் சாதனங்கள்தான். அதாவது எங்களூர் சவுண்ட் சேர்விஸ்காரரின் தொழில். யுத்தத்தில் லண்டனில் குண்டுகள் விழ, 1941 இல் வடக்கே ஹண்டிங்டன் என்ற சிறு பட்டணத்துக்கு இடம்பெயர்ந்தார்கள். யுத்தம் முடிந்த பிறகு வோக்கரின் கவனம் வீடுகளின் பக்கம் திரும்பியது. வீட்டில் இருந்து பாட்டுக் கேட்கிற மனிதருக்கு, கச்சேரி மண்டபத்தில் கேட்டதற்கு எவ்வளவு கிட்டப் போகலாம் என்பதே கேள்வி. வோக்கர் புல்லாங்குழல் வாசிப்பவர். உண்மையான குழல் எப்படி ஒலிக்கும் என்று தெரிந்த காது அது.

1953 இல் அந்தக் கொம்பனியிலிருந்து வந்தது குவாட் 2. வாசகரின் கையில் இருப்பது அனேகமாக இதுதான். கே.ரி. 66 என்ற பெரிய வால்வுகள் இரண்டு, கனத்த டிரான்ஸ்போமர்கள், 15 வாட் சக்தி. இன்றைக்கு முச்சக்கர வண்டியின் பின்சீற்றுக்குக் கீழே இருக்கும் பெட்டியில்கூட இதைவிடப் பெரிய எண் ஒட்டியிருக்கும். ஆனால் 1954 இல் லண்டன் ரோயல் பெஸ்டிவல் மண்டபத்தில் ஒரு காரியம் நடந்தது. வார்ப்டேல் ஸ்பீக்கர்களைச் செய்த கில்பேர்ட் பிரிக்ஸ், வோக்கரின் அம்பிளிபயர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு, மேடையில் இசைக் கலைஞர்களை இருத்தி, நேரில் வாசித்ததையும் பதிந்ததையும் மாறி மாறிக் கேட்கவைத்தார். ஏறக்குறைய மூவாயிரம் பேர் இருக்கக்கூடிய மண்டபம் அது. அடுத்த ஆண்டு நியூயோர்க்கின் கார்னேகி மண்டபத்திலும் அதைச் செய்துகாட்டினார்கள். கூட்டம் பெரிதானால் குழாயைக் கூட்டு என்ற எங்கள் கணக்கு அங்கே செல்லவில்லை.

இனி என் மனம் போய் ஒட்டிக்கொண்ட இடத்துக்கு வருகிறேன். வோக்கர் செய்த அதிசயம் அம்பிளிபயர் அல்ல. 1957 இல் விற்பனைக்கு வந்த நிலைமின் ஸ்பீக்கர்தான் அது. ஏறக்குறைய மூன்றடி அகலம், முன்பக்கம் செம்பு நிறத்தில் துளைத் தகடு. குளிர்நாட்டு வீட்டில் வைக்கும் ஹீற்றர் போலிருக்கிறதே என்று கேலி செய்தவர்கள் உண்டு. உள்ளே கூம்பு இல்லை, காந்தம் இல்லை, சுருளும் இல்லை. இருப்பது ஒரு பிளாஸ்டிக் சவ்வு. மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்களவு தடிப்பு. அதன் எடையைக் கணக்குப் பார்த்தால், ஒன்றரைச் சென்ரிமீற்றர் தடிப்புள்ள காற்றுப் படையின் எடைதான் வருகிறது.

சாதாரண ஸ்பீக்கரில் ஒரு சுருள் கூம்பின் நடுவை மட்டும் தள்ளுகிறது. கொடியில் தொங்கும் பன்பாயைத் தடியால் நடுவில் குத்திப் பாருங்கள். நடு முன்னே போகும், ஓரங்கள் தம் பாட்டில் மடங்கி நெளியும். காற்று வந்து பிடித்தால் பாய் முழுவதும் ஒன்றாக அசையும். வோக்கரின் சவ்வு இரண்டாவது வகை. அதில் ஆயிரக்கணக்கான வோல்ற் மின்னேற்றம் நிற்கும்; தாழ்ந்த சுருதிக்கான பகுதியில் 6,000 வோல்ற். முன்னும் பின்னும் துளையிட்ட இரண்டு தகடுகள். பாட்டின் மின் அலை அந்தத் தகடுகளுக்குப் போகும்போது ஒன்று சவ்வை இழுக்கும், மற்றது தள்ளும். ஒவ்வோர் அங்குலமும் ஒரே நேரத்தில் நகரும். மனிதக் குரலை இவ்வளவு சுத்தமாகத் தந்த பெட்டி அதற்கு முன்பு வீடுகளுக்கு வந்ததில்லை என்று பழைய ரசிகர்கள் இன்றும் வாதாடுவார்கள்.

அதன் தத்துவத்தை அவர் ஒளித்துவைக்கவும் இல்லை. விற்பனை தொடங்குமுன்பே, 1955 இல், 'வயர்லெஸ் வேர்ல்ட்' சஞ்சிகையில் விளக்கமாக எழுதிவிட்டார். அதே சஞ்சிகையில்தான் ஆதர் சி. கிளார்க் 1945 இல் செய்மதித் தொடர்பு பற்றி எழுதினார். பிறகு 1956 இல் இலங்கைக்கு வந்து குடியிருந்து, திருகோணமலைக் கடலில் கோணேசர் கோயிலின் இடிபாடுகளுக்கிடையே சுழியோடியவர் அவர்.

சவ்வுக்குக் குறையும் உண்டு. நெஞ்சில் இடிக்கும் அடிச்சத்தம் அதற்கு வராது. அளவுக்கு மீறிக் கூட்டினால் தீப்பொறி பாய்ந்து சவ்வு பொத்துவிடும். ஈரமும் உப்பும் தூசியும் ஆகாது, மின்னேற்றம் கசிந்துபோகும். வாவிக்கரையில் வீடு வைத்திருக்கும் யாரும் இதை வரவழைக்க ஆசைப்பட வேண்டாம்.

சவ்வு பெரிதாக இருப்பதால் ஒலி ஒரு பலகையிலிருந்து வருவதுபோல் இருக்கும் என்பது இன்னொரு குறை. அதைத் தீர்க்க 1963 இல் வேலை தொடங்கினார் வோக்கர். தகட்டை ஒன்றுக்குள் ஒன்றான வளையங்களாகப் பிரித்து, நடு வளையத்துக்கு முதலிலும் வெளி வளையங்களுக்குச் சற்றுப் பிந்தியும் மின் அலை போகும்படி செய்தார். பிந்துவது ஒரு செக்கனின் மிகச் சிறு துணுக்குத்தான். ஆனால் காதுக்கு, ஸ்பீக்கருக்கு ஓரடி பின்னாலிருக்கும் ஒரு புள்ளியிலிருந்து பாட்டு பிறப்பதாகத் தோன்றும். அங்கே உண்மையில் எதுவும் இல்லை. இந்தக் கருவி கடைக்கு வந்த ஆண்டு 1981. பதினெட்டு ஆண்டுகள்! வருடம் ஒரு போன் மாற்றுகிற காலத்தில் இதை இரண்டு தரம் வாசிக்க வேண்டும். பழைய 1957 ஸ்பீக்கரையும் 1985 வரை விடாமல் செய்துகொண்டிருந்தார்கள்.

இடையில் டிரான்சிஸ்டருக்கு மாறினார்கள். 1975 இல் வந்த 405 என்ற அம்பிளிபயருக்காக 1978 இல் பிரித்தானிய மகாராணியின் தொழில்நுட்ப விருதும் கிடைத்தது. 1990-களில் கொம்பனி கைமாறி, கடைசியில் சீனாவைத் தளமாகக் கொண்ட குழுமம் ஒன்றிடம் போய்ச் சேர்ந்தது. வோக்கர் 2003 இல் காலமானார். பல பத்தாண்டு பழைய குவாட்டையும் ஹண்டிங்டனில் திருத்திக் கொடுத்தார்கள் என்பதுதான் எனக்கு விருதைவிடப் பெரிதாகப் படுகிறது.

எங்கள் பக்கம் என்ன நடக்கிறது? விடிய விடிய நடக்கும் கூத்தில் மைக்குக்கு எக்கோ போட்டு, தாளக்கட்டு எது, பாட்டு எது என்று தெரியாமல் ஆக்குகிறோம். அண்ணாவியாரின் மத்தளத்தில் வலந்தலைக்கும் இடந்தலைக்கும் உள்ள வித்தியாசம் முன்வரிசையில் இருப்பவருக்கே கேட்பதில்லை. ஆங்கிலேயர் ஆட்சியில் இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமேர்சன் டெனன்ற் 1848 இல் மட்டக்களப்பு வாவியில் வள்ளத்தின் மரத்தில் காதை வைத்துப் பாடும் மீனின் ஒலியைக் கேட்டதாக எழுதிவைத்தார். வாவியோரக் கல்யாண மண்டபத்தில் பாட்டுப் போடும் இரவில் அவர் வந்திருந்தால் அந்த வரிகள் எழுதப்பட்டிருக்காது. சத்தம் போடுவது வேறு, கேட்கவைப்பது வேறு. ஒலிபெருக்கிக்காரத் தம்பிமார் கோபிக்க வேண்டாம். குமிழைக் கூட்டச் சொல்லி நெருக்குகிறவர்கள் கோயில் நிருவாகத்தாரும் மாப்பிள்ளை வீட்டாரும்தான் என்பது எனக்குத் தெரியும்.

வாசகருக்கு: உடனே பிளக்கைச் செருகிப் பார்க்காதீர்கள். இத்தனை வருடம் கிடந்த கண்டென்சர்கள் காய்ந்திருக்கும். மின்னைக் கொடுத்தால் வெடிக்கலாம், டிரான்ஸ்போமரும் கருகலாம். உள்ளே ஓடுவது ஆளைக் கொல்லும் வோல்ற்று. ஆளி மூடிய பிறகும் சிறிது நேரம் தங்கும். வால்வு றேடியோ திருத்திப் பழகிய ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். அவர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள். வால்வுகளை மட்டும் கழற்றித் தரச் சொல்லி யாராவது நல்ல விலை பேசினால் சம்மதிக்காதீர்கள். பெட்டிகளைப் பிரிக்கவும் வேண்டாம்: ஒரு குவாட் 2 ஒரு பக்க ஸ்பீக்கரை மட்டுமே இயக்கும், ஸ்ரீரியோ கேட்க இரண்டும் வேண்டும்.