காங்கயம் காளை நிக்கணும்னா கொரங்காடு நிக்கணும்

காங்கயம் காளை என்றதும் திமிலும் கொம்பும்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். 2017-ல் ஜல்லிக்கட்டு போராட்டம் நடந்தபோது நாட்டு மாடுகளைப் பற்றி ஊரெல்லாம் பேச்சாக இருந்தது. ஆனால் இந்த மாடு எதைத் தின்று வளருது என்று கேட்டால் பலருக்கும் பதில் தெரியாது.

அதற்கு பதில் கொரங்காடு. திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களில் காங்கயம், தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில் பக்கம் பஸ்சில் போகிறவர்கள் இதை தினமும் பார்க்கிறார்கள். முள் வேலிக்குள் புல்லும் அங்கங்கே மரமுமாக கிடப்பதால், தரிசு நிலம் என்று நினைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

காடு என்று பெயர், நிலம் பட்டா

கொரங்காடு வனத்துறை காடு அல்ல. விவசாயிகளின் சொந்த பட்டா நிலம். மேய்ச்சலுக்கென்றே தலைமுறை தலைமுறையாக விட்டு வைத்திருக்கிறார்கள். இந்த பகுதியில் ஆண்டுக்கு சுமார் 600 மில்லி மீட்டர்தான் மழை. மண்ணும் சரளை மண். மானாவாரி வெள்ளாமை நிச்சயம் இல்லாத இந்த இடத்தில், புல்லை நம்பி கால்நடை வளர்ப்பதுதான் பெரியவர்கள் கண்ட வழி.

ஒரு கொரங்காட்டில் 3 சங்கதி இருக்கும். தரையில் கொழுக்கட்டை புல், அதற்கு மேலே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி.

கொழுக்கட்டை புல் வறட்சிக்கு பயப்படாது. கோடையில் காய்ந்து கருகினாலும் வேர் சாகாது, ஒரு நல்ல மழை பெய்தால் மறுபடி துளிர்த்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு காடு பச்சையாக இருக்கும். கோடையில் புல் தீர்ந்துபோகும் சமயத்தில் வெள்வேல மரம் காய் உதிர்க்கும். ஆடுகளுக்கு அந்த காய்தான் அப்போது தீனி. மாடுகளுக்கு மரத்து நிழலும் உண்டு.

மேய்க்க ஆள் வேண்டாம்

கிளுவை முள் உள்ள செடி. போத்து வெட்டி நட்டாலே பிடித்துக்கொள்ளும். நெருக்கமாக நட்டு வளர்த்துவிட்டால் மாடு தாண்டாது. படலை சாத்திவிட்டு வந்தால் போதும், மேய்ப்பதற்கு தனியாக ஆள் போட வேண்டியதில்லை. மாடுகள் தானாக மேய்ந்து, சாணத்தையும் அங்கேயே போட்டு மண்ணுக்கு உரமாக்கும்.

நிலத்தை சில ஏக்கர் கொண்ட துண்டுகளாக பிரித்து வேலி போட்டிருப்பதற்கும் காரணம் உண்டு. ஒரு துண்டில் மேய்ந்து முடித்ததும் மாடுகளை அடுத்த துண்டுக்கு மாற்றுவார்கள். முதல் துண்டில் புல் மறுபடி வளர அவகாசம் கிடைக்கும். இந்த முறையை மீறி ஒரே இடத்தில் அளவுக்கு மேல் மாடு விட்டால் புல் வேரோடு போய்விடும்.

ஒரு வேலிக்கு 2 வீட்டுக்காரர்

பட்டா தனித்தனி என்றாலும் கொரங்காடு ஒருத்தரால் மட்டும் நடப்பது இல்லை. பக்கத்து பக்கத்து காடுகளுக்கு நடுவில் ஒரே வேலிதான் இருக்கும். அதை கவாத்து செய்வதும், சந்து விழுந்த இடத்தில் போத்து நடுவதும் 2 பேர் பொறுப்பு. ஒருத்தர் கவனிக்காமல் விட்டால் அடுத்தவர் மாடு வெளியே போய்விடும்.

நிலம் இல்லாதவர்களும் கொரங்காட்டை ஆண்டு குத்தகைக்கு எடுத்து ஆடு, மாடு வளர்க்கிறார்கள். நிலத்துக்காரருக்கு குத்தகை பணம், குத்தகைக்காரருக்கு மேய்ச்சல். புல்லை அழிக்காமல் திருப்பி ஒப்படைத்தால்தான் அடுத்த வருஷமும் குத்தகை கிடைக்கும் என்பதால் பார்த்துத்தான் மேய்ப்பார்கள்.

காங்கயம் இனத்தை தேர்ந்தெடுத்து வளர்த்து புகழ் பெற வைத்தவர் பழையகோட்டை பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார். அந்த மந்தைக்கும் ஆதாரம் இந்த மேய்ச்சல் நிலம்தான்.

கை நழுவுவது ஏன்?

டிராக்டர் வந்த பிறகு உழவுக்கும் வண்டிக்கும் காளை தேவைப்படவில்லை. காங்கயம் மாடு உழைப்புக்கு பேர் போனது, பால் குறைவு. கறவைக்காக கலப்பின மாடு வாங்கியவர்கள் கொரங்காட்டை கைவிட்டார்கள். போர் போட்டு தென்னை வைத்தவர்களும் உண்டு. ரோட்டோர காடுகள் வீட்டு மனைகள் ஆகின. காற்றாலைக்கும் நிலம் போனது.

நிலத்தை விற்பவரை குறை சொல்லவும் முடியாது. மேய்ச்சல் நிலம் தருகிற வருமானத்தையும் மனை விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் மனசு தடுமாறத்தான் செய்யும். ஆனால் நடுவில் ஒரு காடு மனையாக மாறினால் சுற்றி இருப்பவர்களுக்கும் சிக்கல். பொதுவேலி போகும், மாட்டை ஓட்டிப்போகும் தடம் அடைபடும். குத்தகைக்காரர்தான் முதலில் ஆட்டை விற்பார்.

புறம்போக்கு இருக்கே?

சொந்த காடு இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி மேய்ச்சல் புறம்போக்கு. 1994-ம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, அரசு வேறு காரியத்துக்கு எடுக்காத மேய்ச்சல் புறம்போக்கு கிராம ஊராட்சியின் பொறுப்பு. ஊர் பொது நிலங்களில் உள்ள ஆக்கிரமிப்பை அகற்ற திட்டம் வகுக்கும்படி 2011-ல் சுப்ரீம் கோர்ட்டு எல்லா மாநில அரசுகளுக்கும் உத்தரவிட்டது.

ஆக்கிரமிப்பு ஒரு பக்கம் இருக்க, பல இடங்களில் சீமை கருவேலம் புல்லை மூடிவிடுகிறது. அதன் காயை தின்கிற ஆடு மாடுகளே சாணத்திலும் புழுக்கையிலும் விதையை பரப்பிவிடும். ஒரு முறை வெட்டிப்போட்டால் தீராது, வேரோடு எடுத்து வருஷா வருஷம் கவனிக்க வேண்டும். அதற்கு ஊர் கூடித்தான் ஆக வேண்டும்.

என்ன செய்யலாம்?

முதலில் ஊரில் மேய்ச்சல் புறம்போக்கு எவ்வளவு என்பது தெரிய வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள ‘அ’ பதிவேட்டில் ஒவ்வொரு சர்வே எண்ணும் எந்த வகை நிலம் என்று இருக்கும். அரசின் இ-சேவை இணையதளத்திலும் பார்க்கலாம்.

அடுத்தது கிராம சபை. 2022-ல் இருந்து ஆண்டுக்கு 6 கிராம சபை என்று ஆகிவிட்டது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். மேய்ச்சல் நிலத்தை அளந்து கல் நடுவது, கருவேலத்தை எடுப்பது, குட்டையை தூர்வாருவது பற்றி அங்கே தீர்மானம் போடச் சொல்லி கேட்கலாம்.

பட்டா கொரங்காட்டுக்கு அப்படி சட்ட பாதுகாப்பு கிடையாது. அது நிலைப்பதும் போவதும் நிலத்துக்காரர் கையில். மாட்டுக்கு நல்ல விலை கிடைத்தால் காட்டையும் வைத்திருப்பார். பழையகோட்டை மாட்டு சந்தையும், கண்ணபுரம் தேர்த்திருவிழா மாட்டு சந்தையும் இதனால்தான் முக்கியம். அங்கே காங்கயம் கன்றுக்கு கை நீட்டி விலை பேசுபவர் ஒரு கொரங்காட்டுக்கும் சேர்த்துத்தான் பணம் கொடுக்கிறார்.