விளையாட்டுக் கட்டைகளும் விசுவாசக் குடும்பமும்

விசுவாசியின் வீட்டில் விளையாட்டுக்கு எவ்வளவு இடம் கொடுக்கலாம் என்ற கேள்வியை நாம் சபையில் வாய்விட்டுக் கேட்பதில்லை. ஆனாலும் ஒவ்வொரு வீட்டிலும் அதற்கு ஒரு விடை உண்டு. என் வீட்டு விடை பரணின்மேல் இருந்தது.

பிள்ளைகள் ‘பிளாக்ஸ்’ என்று சொல்லும், ஒன்றோடொன்று பொருந்தும் வண்ணப் பிளாஸ்டிக் கட்டைகள் நிறைந்த ஒரு பெட்டி அது. ஒரு நாள் குடும்ப ஜெபத்தில் நாங்கள் முழங்காற்படியிட்டிருக்கையில், பத்து வயதான என் மகன் பாயின் ஓரத்தில் இரண்டு கட்டைகளைச் சத்தமில்லாமல் பொருத்திக்கொண்டிருப்பதைக் கண்டேன். ஆமென் சொன்ன கையோடு அந்தப் பெட்டியைக் கயிற்றால் கட்டிப் பரணில் ஏற்றிவிட்டேன். அவன் அழவில்லை. மறுநாள் முதல் ஜெபத்தில் அசையாமல் இருந்தான். அதை ஆவிக்குரிய ஜெயம் என்று எண்ணிக்கொண்டேன். அவன் என்னோடு பேசுவதும் குறைந்துபோயிற்று என்பதைக் கவனிக்க எனக்கு ஓர் ஆண்டு பிடித்தது. அதுவும் நானாகக் கவனிக்கவில்லை. குண்டலுபேட்டையில் ஒரு கொத்தனார் வீட்டில்தான் அது என் கண்ணில் பட்டது.

சென்ற ஆண்டு ஜூலை மாதத்தில், கூடலூரில் ஒரு துக்க வீட்டிற்குச் செல்வதற்காக மைசூரிலிருந்து குடும்பமாகக் காரில் புறப்பட்டோம். நஞ்சன்கூடு தாண்டியதும் வண்டி பழுதாகி, மெக்கானிக் வந்து சரிசெய்வதற்குள் இருட்டிவிட்டது. பந்திப்பூர்க் காட்டுச் சாலை இரவு 9 மணிக்கு அடைக்கப்பட்டு, காலை 6 மணிக்கே திறக்கப்படும் என்பதை அவ்வழியே செல்வோர் அறிவர். இரவில் வாகனங்களில் அடிபட்டு வனவிலங்குகள் மடிவதைத் தடுக்க 2009-ஆம் ஆண்டு முதல் இந்த ஏற்பாடு. குண்டலுபேட்டையை அடைந்தபோது மணி ஒன்பதை நெருங்கிவிட்டது. மைசூரிலிருந்து அறுபது கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் அவ்வூர், 1997-இல் சாமராஜநகர் தனி மாவட்டமாகும்வரை மைசூர் மாவட்டத்தோடு இருந்தது. சூரியகாந்தியும் செண்டுமல்லியும் பூக்கும் காலம் அது. ஆனால் அந்த இருட்டில் எங்களுக்கு ஒரு பூவும் தெரியவில்லை. மைசூர் சபையின் போதகரைத் தொலைபேசியில் அழைத்தோம். அவர் அவ்வூரில் இருக்கும் ஒரு விசுவாசியின் வீட்டிற்கு எங்களை அனுப்பினார்.

அந்தச் சகோதரர் தர்மபுரிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்காக வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஒரே அறையும் ஒரு சமையற்கட்டும் உள்ள வீடு. சகோதரி கேழ்வரகுக் களி கிண்டி, அவரைக்காய்ச் சாம்பாரோடு பரிமாறினார்கள். தர்மபுரியில் களி, இங்கே முத்தே, பெயர்தான் வேறு.

நாங்கள் சாப்பிடுகையில் அவர்களுடைய ஒன்பது வயது மகள் ஒரு பெயின்ட் வாளியைக் கவிழ்த்தாள். உள்ளிருந்து பிளாஸ்டிக் கட்டைகள் கொட்டின. மைசூரில் அந்தச் சகோதரர் வேலை செய்த ஒரு வீட்டில், பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் வேண்டாமென்று கொடுத்ததாம். சிறுமி சுவர் எழுப்பினாள். ஒரு கட்டையின்மேல் நேராக இன்னொன்று, அதன்மேல் இன்னொன்று. பக்கத்தில் அதே போல ஒரு தூண், அதன் பக்கத்தில் இன்னொரு தூண். பார்வைக்குச் சுவர்தான். தம்பியின் முழங்கால் பட்டதும் தூண் தூணாகப் பிரிந்து விழுந்தது.

கை கழுவிவிட்டு வந்த தகப்பனார் அவளருகே குந்தினார். “பாப்பா, மூட்டு மேல மூட்டு வந்தா சுவர் நிக்காதும்மா,” என்றார். இரண்டாம் வரிசையை ஓர் அரைக்கல்லில் தொடங்கினார். எட்டுக் குமிழ் உள்ள கட்டை முழுக்கல் என்றால், நான்கு குமிழ் உள்ளது அரைக்கல். அதன்பின் வைத்த ஒவ்வொரு கட்டையும் கீழே உள்ள இரண்டு கட்டைகளின் இணைப்பின்மேல் அமர்ந்தது. மூன்றாம் வரிசை மறுபடியும் முழுக்கல்லில். மூலையில் இரண்டு சுவர்களையும் வரிசைக்கு வரிசை மாற்றிக் கோத்தார். முடிந்ததும் ஒரு விரலால் தள்ளிக் காட்டினார். சுவர் முழுவதுமாக நகர்ந்ததே தவிரப் பிரியவில்லை. என் மகன் தன் தட்டை விட்டு எப்போது எழுந்து போனான் என்று தெரியவில்லை. அவரருகே உட்கார்ந்து, வாசலுக்கு மேலே எப்படிக் கட்டுவது என்று கேட்டுக்கொண்டிருந்தான். ஓர் ஆண்டில் அவன் என்னிடம் கேட்ட கேள்விகள் எல்லாம் சேர்ந்தாலும் அத்தனை இராது.

பிள்ளைகள் தூங்கிய பின் அந்தச் சகோதரர் சொன்னது: “எனக்குத் தமிழ் வேதாகமம் மட்டும்தான் ஐயா வாசிக்க வரும். கன்னட எழுத்து ஓடாது. பிள்ளை பாடம் கேட்டா வெளிய எழுந்து போயிடுவேன். இந்த ஒண்ணுலதான் அது என்னைக் கேட்கும், நான் சொல்லிக் குடுப்பேன்.”

பிழைப்பிற்காக மொழி மாறி வந்த நம்மில் எத்தனை தகப்பன்மார் இந்த நிலையில் இருக்கிறோம்! பள்ளிக்கூடத்தின் மொழி வேறு, வீட்டின் மொழி வேறு. பிள்ளைக்கு முன்பாக நாம் அறியாதவர்களாய் நிற்கிறோம். அந்த வெட்கத்தை மறைக்கக் கண்டிப்பை எடுத்துக்கொள்கிறோம்.

வீடு திரும்பிய பின் இந்தக் கட்டைகளின் வரலாற்றைத் தேடி வாசித்தேன். அதன் தொடக்கத்தில் இருந்தவர் ஒரு தச்சர், அதுவும் ஒரு விசுவாசி என்று அறிந்தபோது எனக்கு உண்டான உணர்வை என்னவென்று சொல்வது! அவர் பெயர் ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன். டென்மார்க் தேசத்தில் 1891-இல் பிறந்தவர். அந்நாட்டு லுத்தரன் சபைக்குள் எழுந்த ‘உள்மிஷன்’ என்ற எழுப்புதல் இயக்கத்தைச் சேர்ந்தவர். 1916-இல் பில்லுண்ட் என்ற சிற்றூரில் ஒரு தச்சுப்பட்டறையை வாங்கி, வீடுகளும் மேசை நாற்காலிகளும் செய்து பிழைத்தார்.

1924-ஆம் ஆண்டு அவருடைய சிறு மகன்கள் இருவர் பட்டறையில் நெருப்பு மூட்ட, மரச்சீவல்கள் பற்றிக்கொண்டன. பட்டறையும் வீடும் எரிந்து சாம்பலாயின. இதை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடினேன். என் மகன் செய்ததெல்லாம் ஜெபநேரத்தில் இரண்டு கட்டைகளைப் பொருத்தியதுதான்.

அவர் மீண்டும் கட்டினார். பின்பு உலகப் பொருளாதார வீழ்ச்சியில் வேலை இல்லாமற்போயிற்று. 1932-இல் மனைவியும் மரித்தார். கையில் நான்கு ஆண்பிள்ளைகள். அந்த ஆண்டில்தான் ஏணிகளோடும் துணி தேய்க்கும் பலகைகளோடும் மர விளையாட்டுச் சாமான்கள் செய்யத் தொடங்கினார். 1934-இல் ‘நன்றாக விளையாடு’ என்று பொருள்படும் இரண்டு டேனிஷ் சொற்களைச் சேர்த்து ‘லெகோ’ என்று பெயரிட்டார்.

அவருடைய மகன் காட்ஃபிரட், நெருப்பு மூட்டிய இருவரில் ஒருவர், வளர்ந்து தகப்பனோடு வேலை செய்தார். ஒரு முறை மர வாத்துப் பொம்மைகளுக்கு மூன்று பூச்சு வார்னிஷ் அடிப்பதற்குப் பதிலாக இரண்டே பூச்சு அடித்து அனுப்பிவிட்டு, பணம் மிச்சமாயிற்று என்று மகிழ்ச்சியோடு தகப்பனிடம் சொன்னார். தகப்பனார் அவரை உடனே ரயில் நிலையத்திற்கு அனுப்பி, பெட்டிகளைத் திரும்பக் கொண்டுவந்து, மூன்றாம் பூச்சைத் தனியாளாக அடித்து முடிக்கச் செய்தார். இதுவும் கண்டிப்புதான். ஆனால் அவர் வேலையைப் பிடுங்கிப் பரணில் வைக்கவில்லை; அதை ஒழுங்காகச் செய்யக் கற்றுக்கொடுத்தார்.

1942-இல் தொழிற்சாலை மறுபடியும் எரிந்தது, மறுபடியும் கட்டினார்கள். பிளாஸ்டிக் கட்டை 1949-இல் வந்தது. அது முழுக்க அவர்களுடைய சொந்தக் கற்பனை அன்று. இங்கிலாந்தில் ஹிலரி பேஜ் என்பவர் முன்பே செய்திருந்த கட்டையைப் பார்த்துச் செய்ததே. இதை மறைக்க வேண்டியதில்லை. அந்தக் கட்டைகள் உள்ளே வெறுமையாக இருந்தபடியால் இறுகப் பிடிக்கவில்லை. கட்டையின் உட்புறத்தில் குழல்களை அமைத்து, கீழ்க்கட்டையின் குமிழ்கள் அவற்றினிடையே நெருங்கி அமரும்படி செய்ததே அவர்கள் கண்ட வழி. 1958 ஜனவரி 28 அன்று அதற்குக் காப்புரிமை கேட்டு மனுச் செய்தார்கள். அதே ஆண்டு மார்ச் மாதத்தில் ஓலே கிர்க் மரித்தார். உலகெங்கும் அந்தக் கட்டை சென்றதை அவர் காணவில்லை. 1958-இல் செய்த கட்டையோடு இன்று வாங்கும் கட்டையும் பொருந்துகிறது. எட்டுக் குமிழ் உள்ள ஒரே நிறக் கட்டைகள் இரண்டை 24 விதமாகப் பொருத்தலாம்; மூன்றை 1,060 விதமாக. ஆறு கட்டைகள் கிடைத்தால் 91,51,03,765 விதம் என்று சோரன் ஐலர்ஸ் என்ற டேனிஷ் கணித அறிஞர் கணினியின் துணையால் கணக்கிட்டிருக்கிறார்.

‘இதெல்லாம் சரி, ஆவிக்குரிய பிரயோஜனம் என்ன?’ என்று கேட்பவர்கள் உண்டு. நானும் அப்படிக் கேட்டவனே. யாத்திராகமம் 31-ஆம் அதிகாரத்தில் தேவ ஆவியினால் நிரப்பப்பட்டதாகச் சொல்லப்படும் பெசலெயேலைப் பாருங்கள். அவன் பிரசங்கியும் அல்ல, தீர்க்கதரிசியும் அல்ல; பொன்னிலும் வெள்ளியிலும் கல்லிலும் மரத்திலும் கைவேலை செய்தவன். ஆவியின் நிரப்புதலைக் குறித்து இவ்வளவு பேசும் நாம் அந்த அதிகாரத்தை எத்தனை முறை பிரசங்கத்தில் கேட்டிருக்கிறோம்? எருசலேம் மறுபடியும் கட்டப்பட்டுச் சமாதானமாக இருக்கும் நாளைச் சகரியா தீர்க்கதரிசி காணும்போது (8:5), தெருக்களில் பையன்களும் சிறுமிகளும் விளையாடுவதையும் காண்கிறார்.

எல்லாம் நன்மைக்கே என்று சொல்ல வரவில்லை. இந்தக் கட்டைகள் விலை அதிகம். பெயர் பெற்ற நிறுவனத்தின் நடுத்தரப் பெட்டி ஒன்று கூலித் தொழிலாளியின் சில நாள் வருமானத்தை விழுங்கிவிடும். விளையாட்டுச் சாமான்களின் இறக்குமதி வரியும் 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் உயர்த்தப்பட்டது. ஆனால் அடிப்படைக் கட்டையின் காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. அதே அளவில் பல நிறுவனங்கள் செய்கின்றன. வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பாருங்கள், 2021 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் விற்கும் விளையாட்டுச் சாமான்களுக்கு அது கட்டாயம். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை வீட்டில் இருந்தால் சிறு கட்டைகள் வேண்டாம், விழுங்கிவிடும். பெரியவர்களில் சிலர் பெட்டி பெட்டியாக வாங்கிப் பிரிக்காமலே அடுக்கி வைக்கிறார்கள். பவுல் அப்போஸ்தலன் சொன்ன அடிமைத்தனம் (1 கொரிந்தியர் 6:12) அங்கே தொடங்கிவிடுகிறது. தொலைபேசித் திரையோடு ஒப்பிட்டால் கட்டை நல்லது என்பேன். ஆனால் பிள்ளையைத் தொந்தரவு செய்யாமல் உட்கார வைக்கும் உபாயமாக மட்டும் வாங்கிக் கொடுத்தால், அதற்கும் திரைக்கும் பெரிய வேறுபாடில்லை.

கட்டைதான் வேண்டுமென்பதும் இல்லை. நெல்லைச் சீமையிலிருந்து வந்தவர்களுக்குப் பனையோலைக் காற்றாடியும், நுங்குக் கூந்தலில் செய்த வண்டியும், அம்பாசமுத்திரத்துச் செப்புச் சாமான்களும் நினைவிருக்கும். அவற்றில் ஒன்றையாவது நம் பிள்ளைக்குச் செய்துகாட்டினோமா? பெங்களூருக்கும் மைசூருக்கும் இடையே போகும் நாம் சன்னபட்டணத்தைக் கடந்துதான் போகிறோம். அங்கே வெட்பாலை மரத்தைக் கடைசல் இயந்திரத்தில் சுழலவிட்டு, சுழலும்போதே அரக்கு வண்ணம் ஏற்றுகிறார்கள். அரைமணி நேரம் நின்று பிள்ளைகளுக்குக் காட்டலாம். என் மனைவி ஊசிநூலில் குரோஷா பின்னுகிறாள். பக்கத்து வீட்டுச் சகோதரி மொட்டைமாடியில் தக்காளி வளர்க்கிறார்கள். வேலைக்கும் சபைக்கும் நடுவே கைகளுக்கு ஏதேனும் ஒன்று.

காலை 6 மணிக்குச் சாவடி திறக்க, நாங்கள் புறப்பட்டோம். விடியலில் செண்டுமல்லி வயல்கள் தெரிந்தன. பந்திப்பூரில் சாலையோரம் ஒரு யானை நின்றது. காரில் என் மகன் வாசலுக்கு மேல் நீளக் கட்டை போட வேண்டும் என்றும், அதற்கு ‘லின்டல்’ என்று பெயர் என்றும் எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தான்.

துக்க வீட்டிலிருந்து திரும்பிய அன்றிரவே பரணில் ஏறிப் பெட்டியை இறக்கினேன். கயிற்று முடிச்சு இறுகிப்போயிருந்ததால் கத்தியால் அறுக்க வேண்டியதாயிற்று. “அன்றைக்கு ஜெபத்தில் என்ன கட்டிக்கொண்டிருந்தாய்?” என்று கேட்டேன். யோசித்துப் பார்த்து, நினைவில்லை என்றான். அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவனுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

இப்போது சனிக்கிழமை மாலைகளில் இருவரும் உட்காருகிறோம். ஜெபத்திற்கு நேரமானதும் கட்டியதை அவனே எடுத்து அலமாரியில் வைக்கிறான். சில நாட்களில் நான்தான் “இன்னும் ஒரு வரிசை” என்று தாமதிக்கிறேன். சென்ற மாதம் பந்திப்பூர்ச் சாவடியைக் கட்டினோம். கம்பம் ஏறி இறங்குகிறது. யானைக்குச் சாம்பல் நிறக் கட்டைகள் போதாததால், அது பாதி சிவப்பாக நிற்கிறது.