புல்தரையே ஓடுபாதை!



யானைக்கவுனி, ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் இருப்பவர்களுக்குப் புறா புதிதல்ல. மொட்டை மாடியில் கூண்டு கட்டிப் புறா வளர்க்கும் அண்ணன்கள் அங்கே நிறையப் பேர். பறந்து வரும் புறா எப்படி இறங்குகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? சுவரை நெருங்கியதும் உடம்பை நிமிர்த்தும். இறக்கையையும் வாலையும் விசிறிபோல விரிக்கும். கால்களை முன்னால் நீட்டி, மெத்தென்று உட்கார்ந்துவிடும். ஓர் அடி இடம் போதும் அதற்கு!

பெரிய விமானங்களால் இது முடியாது. சென்னை விமான நிலையத்தின் பெரிய ஓடுபாதை 3,658 மீட்டர் நீளம்! ஆனால் இரண்டு பேர், நான்கு பேர் மட்டுமே போகும் குட்டி விமானங்கள் உண்டு. அவை சில நூறு மீட்டர் புல்தரையிலேயே இறங்கிவிடும். எப்படி? பார்ப்போமா?

தீவுத்திடலில் விமானம்

யானைக்கவுனியிலிருந்து சென்ட்ரலைத் தாண்டிப் போனால் தீவுத்திடல் வந்துவிடும். பொருட்காட்சிக்குப் போயிருப்பீர்கள். அதே திடலில் 1910ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஒரு விமானம் பறந்தது! பறக்கவிட்டவர் விமானி அல்ல, ஹோட்டல்காரர். பெயர் டி ஏஞ்சலிஸ். மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்தி வந்தார். 1909இல் லூயி பிளேரியோ என்பவர் ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் கடந்தார் அல்லவா? அந்தச் செய்தி இவருக்கும் ஆசையை மூட்டியது. குதிரை வண்டிகள் கட்டிவந்த சிம்சன் கம்பெனியில் தன் விமானத்தைச் செய்ய வைத்தார். பல்லாவரத்தில் சோதித்துப் பார்த்தபின், தீவுத்திடலில் மக்களுக்குப் பறந்து காட்டினார். அப்போது சென்னையில் சிமென்ட் ஓடுபாதையே கிடையாது. வெறும் திடல்தான்!

தபால் கொண்டுவந்த குட்டி விமானம்

1932ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் தேதி. கராச்சியிலிருந்து ஒரு குட்டி விமானம் தபால் மூட்டையோடு கிளம்பியது. ஓட்டியவர் ஜே.ஆர்.டி. டாட்டா. அகமதாபாத்தில் இறங்கி, பிறகு பம்பாயின் ஜுஹு திடலுக்கு வந்து சேர்ந்தார். அங்கிருந்து தபாலை பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தவர் நெவில் வின்ட்சென்ட் என்ற விமானி.

அந்த விமானத்தின் பெயர் புஸ் மாத். ஒரே எஞ்சின்தான். அதில் ஒரு வேடிக்கை உண்டு. சக்கரத்தைத் தாங்கும் கால்களின் உறையைத் திருப்பிவிட்டால், அது காற்றைத் தடுத்து விமானத்தின் வேகத்தைக் குறைக்கும். புறா வாலை விரிப்பது மாதிரி!

மழைக்காலத்தில் ஜுஹு திடல் சேறாகிவிடும். அதனால் அந்த மாதங்களில் பம்பாயை விட்டுவிட்டுப் புனாவில் இறங்கினார்கள். தரை நன்றாக இருந்தால்தான் தபால் வரும்!

காற்றை எதிர்த்து வா!

காத்தாடி விடும்போது நீங்கள் ஓடாமல் நின்றாலும் அது மேலேயே நிற்கிறது. ஏன்? எதிரே காற்று வீசுகிறதே! விமானத்தின் இறக்கைக்கும் காற்றின் ஓட்டம்தான் முக்கியம். தரையில் எவ்வளவு வேகம் என்பது அதற்குத் தெரியாது.

ஒரு விமானம் காற்றில் 110 கி.மீ. வேகத்தில் வருகிறது. எதிர்க்காற்று 20 கி.மீ. என்றால், தரையில் அதன் வேகம் 90 கி.மீ.தான். அதே காற்று பின்னாலிருந்து அடித்தால் 130 கி.மீ.! எப்போது சீக்கிரம் நிற்கும்? நீங்களே சொல்லுங்கள். இதற்காகத்தான் திடலின் ஓரத்தில் துணியால் ஆன காற்றுப்பையைக் கட்டியிருப்பார்கள். விமானி முதலில் அதைத்தான் பார்ப்பார்.

வேகம் கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து

வேகமாக வந்தால் விமானம் தரையைத் தொடாமல் மிதந்துகொண்டே போகும். திடல் தீர்ந்துவிடும்; எதிரே வேலியோ மரமோ இருக்கும். மிகவும் மெதுவாக வந்தால் இறக்கையால் விமானத்தைத் தாங்க முடியாது. அதை ‘ஸ்டால்’ என்பார்கள். தரைக்கு அருகில் ஸ்டால் ஆனால் சமாளிக்க உயரமே இருக்காது. எனவே, ஸ்டால் ஆகும் வேகத்தைப்போல சுமார் 1.3 மடங்கு வேகத்தில் வருவார்கள். 80 கி.மீ.யில் ஸ்டால் ஆகும் விமானம் என்றால் 104 கி.மீ. வேகம்.

இறக்கையின் பின்னால் ‘ஃபிளாப்’ என்ற பலகைகள் உண்டு. அவற்றைக் கீழே இறக்கினால் குறைந்த வேகத்திலும் பறக்கலாம். தரை நெருங்கியதும் மூக்கை மெல்ல உயர்த்தி, பின் சக்கரங்களை முதலில் தொடவைப்பார் விமானி. மூக்குச் சக்கரத்தைக் கடைசியாகத்தான் இறக்குவார். புல்லுக்குள் குழி இருந்தால் மூக்குச் சக்கரம் மாட்டிக்கொள்ளுமே!

கணக்கு முக்கியம்

செஸ்னா 172 என்ற நான்கு இருக்கை விமானத்தின் ஒரு வகையைப் பாருங்கள். 15 மீட்டர் உயரத் தடையைத் தாண்டி இறங்கி நிற்க, கடல்மட்டத்தில், காற்று வீசாதபோது, தார் ஓடுபாதையில் சுமார் 407 மீட்டர் வேண்டும். இதில் தரையில் ஓடுவது 175 மீட்டர். காய்ந்த புல்தரை என்றால், தரையில் ஓடும் தூரத்தில் 45 சதவீதத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். புல்லில் பிரேக் அவ்வளவாகப் பிடிக்காது அல்லவா? ஆக மொத்தம் சுமார் 486 மீட்டர். ஈரப்புல் என்றால் இன்னும் வழுக்கும். இன்னும் நீளம் வேண்டும். இந்தக் கணக்கைக் கிளம்பும் முன்பே போட்டுவிட வேண்டும். வானத்தில் போய் யோசிக்க நேரம் இருக்காது!

எல்லாவற்றையும்விடப் பெரிய பாடம் ஒன்று இருக்கிறது. “இந்த இடத்துக்குள் சக்கரம் தரையைத் தொடாவிட்டால் இறங்க மாட்டேன்” என்று விமானி முன்பே ஒரு குறி வைத்துக்கொள்வார். அந்தக் குறி தாண்டிவிட்டதா? உடனே எஞ்சினை முழுவேகத்தில் முடுக்கி, மேலே எழும்பி, ஒரு சுற்று சுற்றி வருவார். இதற்கு ‘கோ அரவுண்ட்’ என்று பெயர். இது தோல்வி அல்ல. எப்படியாவது இறங்கிவிடலாம் என்று பிடிவாதம் பிடிப்பதுதான் தவறு.

நாளை மாலை மாடியில் புறா வந்து இறங்கினால் கவனியுங்கள். இடம் சரியில்லை என்றால் அதுவும் ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் வரும்!