தாயில்லாக் குட்டிகளுக்கு முதலில் சூடு

ஒரகடம் பக்கம் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் கன்டெய்னர் லாரிகள் ராத்திரியும் ஓடுகின்றன. தாய் நாய் அடிபட்டுப் போனால், கம்பெனி மதிலோரம் கண் திறக்காத குட்டிகள் கத்திக்கொண்டு கிடக்கும். ஷிப்ட் முடிந்து வருகிறவர் இரக்கப்பட்டு டீக்கடைப் பாலை வாங்கி ஊற்றுவார். நல்ல மனசுதான். ஆனால் அவசரம் வேண்டாம், நேயர்களே!

பிறந்த முதல் வாரம் குட்டிக்குக் குளிரில் நடுங்கக்கூட வராது. உடம்பு குளிர்ந்திருந்தால் பால் செரிக்காது. எனவே வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள்; சூடு அதிகமானால் விலகிப் படுக்க இடமும் விடுங்கள். பிறகுதான் பால். நாய்ப்பாலில் இருக்கும் கொழுப்பும் புரதமும் பசும்பாலில் ஏறக்குறைய பாதிதான். நாய்க்குட்டிக்கென்றே விற்கும் பால் பவுடர் நல்லது. 2 அல்லது 3 மணி நேரத்துக்கு ஒருமுறை, குப்புறப் படுத்தவாக்கில் கொடுங்கள். மல்லாத்திக் கொடுத்தால் பால் நுரையீரலுக்குள் போய்விடும்.

பலர் விட்டுவிடுவது இதைத்தான்: தாய் நக்கிவிட்டால்தான் குட்டிக்குச் சிறுநீரே வரும். ஒவ்வொரு முறை பால் கொடுத்ததும், வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் அடிவயிற்றுக்குக் கீழே மெல்ல வருடிவிடுங்கள். சுமார் 3 வாரம் இந்த வேலை உண்டு.

குட்டி சோர்ந்து பால் குடிக்க மறுத்தால், உடனே அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள்.