ஆட்டமும் பாடமும் – 6: பின் வரிசைக்குப் போன பேராசிரியர்

பாடத்துக்குப் புள்ளி, பேட்ஜ், தரவரிசைப் பட்டியல் என்று ஒட்டவைத்தால் என்ன ஆகிறது என்பதைச் சென்ற வாரம் பார்த்தோம். மைக்கேல் ஹேனஸ், ஜெஸ்ஸி ஃபாக்ஸ் இருவரும் 2015இல் வெளியிட்ட ஆய்வு நினைவிருக்கும். ஒரே பாடம், இரண்டு வகுப்புகள், ஒரு செமஸ்டர். ஒரு வகுப்பில் பேட்ஜும் தரவரிசையும் உண்டு, மற்றதில் இல்லை. நாள் ஆக ஆக, பேட்ஜ் வாங்கிய வகுப்பில்தான் ஆர்வமும் திருப்தியும் சரிந்தன. அப்படியானால் விளையாட்டைக் கல்லூரி வாசலிலேயே நிறுத்திவிடலாமா என்ற கேள்வியோடு அந்த அத்தியாயம் முடிந்தது.

நிறுத்தக் கூடாது என்பதே என் பதில். ஆட்டத்தில் மனிதரைப் பிடித்து இழுப்பது புள்ளிக் கணக்கு அல்ல. அது வேறொன்று. அதைக் கண்டுபிடித்துப் பாடத்துக்குள் கொண்டுவந்த ஒரு கல்லூரியின் கதை இந்த வாரம்.

சலித்துப்போன நல்ல மாணவிகள்

நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தோடு இணைந்த பெண்கள் கல்லூரி பார்னார்ட். அங்கே வரலாற்றுப் பேராசிரியர் மார்க் கார்ன்ஸ். 1990களின் நடுவில், முதலாண்டு மாணவிகளோடு பழைய பெரும் நூல்களைப் படித்து விவாதிக்கும் வகுப்பு ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார். மாணவிகள் கெட்டிக்காரர்கள். நூலைப் படித்துவிட்டுத்தான் வந்தார்கள். ஆனாலும் வகுப்பில் உயிரில்லை. இரண்டு மூன்று பேர் பேசுவார்கள், மற்றவர்கள் குறிப்பேட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அவர் மாணவிகளைத் தனித்தனியே தன் அறைக்கு அழைத்துக் காரணம் கேட்டார். இந்த வகுப்பில் தனியாக ஒரு குறையும் இல்லை, எல்லா வகுப்புமே ஓரளவு சலிப்புதான் என்ற ரீதியில் பதில் வந்தது. ஆசிரியரை வெகுநாள் தூங்கவிடாத பதில் அது. திட்டினால் திருத்திக்கொள்ளலாம். சலிப்பையே இயல்பு என்று பிள்ளைகள் ஏற்றுக்கொண்டுவிட்டால் என்ன செய்வது?

அடுத்து அவர் செய்த மாற்றம் எளிமையானது. நூலைப் பற்றிப் பேசச் சொல்வதை விட்டுவிட்டு, அந்த நூல் உயிரோடு மோதிக்கொண்டிருந்த வரலாற்றுத் தருணத்துக்குள் மாணவிகளை இறக்கினார். ஆளுக்கொரு பாத்திரம், பாத்திரத்துக்கொரு நோக்கம். சில வாரங்களில் வகுப்பு மாணவிகள் கைக்குப் போய்விட்டது. ‘ரியாக்டிங் டு த பாஸ்ட்’ என்ற கற்பித்தல் முறை பிறந்தது அப்படித்தான். 2004இல் அதற்கு உயர்கல்விப் புதுமைக்கான தியோடர் ஹெஸ்பர்க் விருது கிடைத்தது. இன்று நூற்றுக்கணக்கான கல்லூரிகளில் அது நடக்கிறது.

தன் அனுபவத்தைக் கார்ன்ஸ் 2014இல் ‘மைண்ட்ஸ் ஆன் ஃபயர்’ என்ற நூலாக எழுதினார். மாணவர்கள் சோம்பேறிகள் என்ற பேச்சை அவர் ஏற்கவில்லை. கால்பந்து, விடுதிச் சங்கங்களின் ரகசியச் சடங்குகள், குடிப் போட்டிகள், இப்போது வீடியோ கேம் என்று அமெரிக்கக் கல்லூரி வளாகத்தில் தலைமுறை தலைமுறையாக ஒரு போட்டிக் கல்லூரி நடந்துவருகிறது. மாணவர்களின் ஆவேசமும் உழைப்பும் அங்கேதான் போய்ச் சேர்கின்றன. அந்த ஆவேசத்தோடு மல்லுக்கட்டுவதைவிட அதைப் பாடத்துக்குள் அழைப்பது நல்லது என்பது அவர் வாதம்.

ஏதென்ஸ், கி.மு. 403

இந்த முறையில் மிகப் பரவலாக ஆடப்படும் ஆட்டங்களில் ஒன்று ஏதென்ஸ் ஆட்டம். ஸ்பார்ட்டாவிடம் ஏதென்ஸ் தோற்றுவிட்டது. நகரின் மதில்கள் இடிக்கப்பட்டன. ஸ்பார்ட்டாவின் துணையோடு ஆண்ட ‘முப்பது கொடுங்கோலர்கள்’ பலரைக் கொன்று குவித்தார்கள். இப்போது அவர்கள் விரட்டப்பட்டு, மக்களாட்சி மீண்டிருக்கிறது. இனி என்ன செய்வது? வகுப்பறை இந்தப் புள்ளியில் மக்கள் மன்றமாகிறது.

முதலில் ஒவ்வொருவர் கையிலும் ஒரு பாத்திரக் குறிப்பு வருகிறது. நீ யார், உன் சொத்து என்ன, போரில் யாரை இழந்தாய், மன்றத்தில் எதை நிறைவேற்றினால் உனக்கு வெற்றி என்று அதில் இருக்கும். அதை மற்றவரிடம் காட்டக் கூடாது. சிலர் மக்களாட்சியைத் தீவிரமாகப் பிடித்துக்கொண்டவர்கள். சிலர் அதையே மிதமாக வேண்டுபவர்கள். சிலர் செல்வந்தர் ஆட்சி திரும்ப வேண்டும் என்பவர்கள். ஒரு சிறு கூட்டம் சாக்ரடீஸின் சீடர்கள். இவர்களைத் தவிர எந்த அணியிலும் சேராதவர்களும் உண்டு. ஆட்டத்தின் அச்சாணி அவர்கள்தான், ஏனென்றால் அவர்களை வென்றெடுக்காமல் எந்தத் தீர்மானமும் நிறைவேறாது.

பன்றிப் பலியோடு மன்றம் கூடுகிறது. வகுப்பறையில் அது பொம்மைப் பன்றியாகவோ வேறு ஏதேனும் அடையாளமாகவோ இருக்கும். பிறகு சபையை நடத்தும் மாணவர் விவாதப் பொருளை அறிவிக்கிறார். கொடுங்கோலர்களுக்குத் துணை நின்றவர்களை மன்னிப்பதா? வெளியூரிலிருந்து வந்து குடியேறியவருக்கு வாக்குரிமை தரலாமா? மீண்டும் கப்பற்படை கட்டுவதா? ஒவ்வொருவராக மேடைக்கு வந்து பேசுகிறார்கள். கேள்விகள் பறக்கின்றன. வாக்கெடுப்பு நடக்கிறது. பேராசிரியர் கடைசி வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுக்கிறார். விதி பற்றிச் சந்தேகம் வந்தால் ஒரு துண்டுச் சீட்டு அனுப்புவார், அவ்வளவுதான்.

இதில் பாடம் எங்கே இருக்கிறது? பிளேட்டோவின் ‘குடியரசு’ நூலில் இருக்கிறது. சாக்ரடீஸின் சீடராக நிற்கும் மாணவருக்கு அந்த நூல்தான் ஆயுதம். ஆளத் தெரிந்தவனே ஆள வேண்டும், கூட்டத்தின் கைதூக்கலுக்கு நாட்டை விடக் கூடாது என்று அவர் வாதாட வேண்டும். எதிரணி அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் அதே நூலை இன்னும் கவனமாகப் படித்தாக வேண்டும். போரில் இறந்த ஏதென்ஸ் வீரர்களுக்காகப் பெரிக்ளிஸ் ஆற்றிய உரை துசிடிடீஸின் வரலாற்று நூலில் இருக்கிறது. அதைத் தேடிப் பிடிக்க வேண்டும். சாக்ரடீஸ் மீது வழக்கு வரும்போது நெருக்கடி முற்றுகிறது. கொடுங்கோலர்களுக்குத் தலைமை தாங்கிய கிரிட்டியாஸ் ஒரு காலத்தில் சாக்ரடீஸோடு பழகியவன். ஒரு மனிதரின் சிந்தனைக்காக அவரைத் தண்டிக்கலாமா என்ற கேள்வி அங்கே வெறும் தேர்வு வினாவாக இருப்பதில்லை. எதிரே உட்கார்ந்திருக்கும் வகுப்புத் தோழரின் வாக்கில் அது தொங்குகிறது.

நிஜ வரலாற்றில் கி.மு. 399இல் சாக்ரடீஸ் நஞ்சருந்தினார். வகுப்பறையில் அவர் விடுதலையாகவும் கூடும். ஆட்டம் முடிந்த மறுநாள் பேராசிரியர் முன் வரிசைக்குத் திரும்புகிறார். உண்மையில் நடந்தது என்ன, நம் வகுப்பில் ஏன் மாறியது என்று பேச ஒரு முழு அமர்வு ஒதுக்கப்படுகிறது. அதை விட்டுவிட்டால் கற்பனை வரலாறாகவே தங்கிவிடும் ஆபத்து உண்டு.

சிம்லாவின் வட்டமேசை

நமக்கு நெருக்கமான ஆட்டம் ஒன்றும் இதில் இருக்கிறது. 1945இல் விடுதலையின் வாசலில் நிற்கும் இந்தியா. இதைக் கார்ன்ஸோடு சேர்ந்து எழுதியவர் கொலம்பியாவின் இந்திய வரலாற்றறிஞர் ஐன்ஸ்லி எம்ப்ரீ. இந்தூர் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர்.

களம் சிம்லா. வைசிராய் வேவல் 1945 ஜூன் 25இல் கூட்டிய மாநாடு ஜூலை 14இல் தோல்வியில் முடிந்தது. வைசிராயின் நிர்வாகக் குழுவுக்கு முஸ்லிம் உறுப்பினர்களைப் பெயர் சொல்லும் உரிமை முஸ்லிம் லீக்குக்கு மட்டுமே உண்டு என்றார் ஜின்னா. ஆனால் காங்கிரஸ் தலைவராக மாநாட்டில் உட்கார்ந்திருந்தவரே ஒரு முஸ்லிம்தான், அபுல் கலாம் ஆசாத். காந்தி சிம்லாவுக்கு வந்திருந்தும் மாநாட்டில் உறுப்பினராக அமரவில்லை. சென்னை மாகாணத்தின் முன்னாள் பிரதமராக ராஜாஜி போனார். பட்டியல் சாதியினரின் பிரதிநிதியாகப் போனவரும் சென்னைக்காரர்தான், என். சிவராஜ். நம் பாடநூலில் இந்த மாநாடு சில வரிகளில் முடிந்துவிடும். அங்கே ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் ஒரு பெரும் மக்கள் கூட்டத்தின் அச்சமும் எதிர்பார்ப்பும் நின்றிருந்தன என்பது அந்த வரிகளில் தெரியாது.

ஆட்டத்தில் அது தெரிந்தாக வேண்டும். பஞ்சாபைப் பார்த்தறியாத ஓர் அமெரிக்க மாணவருக்குச் சீக்கியத் தலைவரின் பாத்திரம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பஞ்சாபைப் பிரித்தால் தன் மக்கள் இரண்டு துண்டாவார்கள் என்பது வரைபடத்தைத் திறந்த உடனே அவருக்கு உறைக்கும். முஸ்லிம் லீக்காக வாதாடும் மாணவர் தன் தரப்பு மக்களின் அச்சத்தில் உள்ள நியாயத்தைத் தன் வாயால் சொல்லியாக வேண்டும். இந்த வகுப்புகளில் இந்தியா சில முறை ஒன்றாகவே நிற்கிறது, சில முறை உடைகிறது. முடிவு எதுவானாலும், 1947இல் நடந்தது விதியால் எழுதப்பட்டதல்ல, மனிதர்கள் பேசியும் பேச மறுத்தும் எடுத்த முடிவு என்பதை அந்த மாணவர்கள் அறிந்துகொள்கிறார்கள். வரலாற்றுக் கல்வியிலிருந்து இதைவிடப் பெரிதாக எதையும் நான் எதிர்பார்க்க மாட்டேன்.

எது இழுக்கிறது?

பேட்ஜ் தோற்ற இடத்தில் இது ஏன் வெல்கிறது? எனக்குத் தெரிவது மூன்று காரணங்கள்.

முதலாவது, முடிவு திறந்திருக்கிறது. நமக்குப் பழகிய பட்டிமன்றத்தில் தீர்ப்பு நடுவர் கையில். பேச்சாளர் என்ன பேசினாலும் பார்வையாளருக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை. இங்கே கேட்பவர்களே வாக்களிக்கிறார்கள். எடுத்த முடிவு அடுத்த அமர்வின் சூழலையே மாற்றிவிடுகிறது. உன் பேச்சு ஒன்றை நகர்த்தும் என்று தெரிந்தால் மனிதர் தயாரித்துக்கொண்டு வருவார்.

இரண்டாவது, அடுத்தவர் நம்மை நம்பியிருக்கிறார். மதிப்பெண் போனால் அது என்னோடு போகும். நான் படிக்காமல் வந்தால் என் அணியே தோற்கும். வகுப்பு நேரத்துக்கு முன்பே கூடிப் பேசுவதும், இரவில் ரகசியக் கூட்டணி அமைப்பதும், மணி அடித்த பிறகும் விவாதிப்பதும் இந்த வகுப்புகளில் அடிக்கடி காணப்படுவது இதனால்தான்.

மூன்றாவது, பாத்திரம் தரும் துணிச்சல். தன் கருத்தைச் சொல்லக் கூசும் பெண், ஏதென்ஸ் குடிமகனின் கருத்தைச் சொல்லக் கூசமாட்டாள். தோற்றால் தோற்றது பாத்திரம்தான். தவறு செய்ய இடம் இருக்கிற இடத்தில்தான் மனிதர் முயன்று பார்க்கிறார். நம் கல்லூரிகள் பிள்ளைகளுக்குத் தராமல் வைத்திருப்பது இந்த இடத்தைத்தான்.

புள்ளியும் பேட்ஜும் இவற்றில் எதையும் தருவதில்லை. பழைய வகுப்பை அப்படியே வைத்துக்கொண்டு அதன் மேல் கூலியை மட்டும் மாற்றுகின்றன.

பலனும் விலையும்

பலன் அளக்கப்பட்டிருக்கிறதா? பார்னார்டைச் சேர்ந்த ஸ்டீவன் ஸ்ட்ரோஸ்னர் தலைமையிலான குழு 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. இந்த முறையில் படித்தவர்களிடம், வழக்கமான வகுப்பில் படித்தவர்களைவிடத் தன்மதிப்பும் பிறர் நிலையில் நின்று பார்க்கும் மனமும் கூடியிருந்தன. மனிதர் மாறக்கூடியவர் என்ற நம்பிக்கை வலுத்திருந்தது. மேடையில் வாதாடும் திறனும் வளர்ந்திருந்தது. எழுத்துத் திறனில் மட்டும் அப்படி ஒரு வேறுபாடு தெரியவில்லை. ஆட்டம் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று யாராவது சொன்னால் இந்தக் கடைசி முடிவை நினைவுபடுத்துங்கள்.

விலையும் உண்டு. ஓர் ஆட்டம் பல வாரங்களை எடுத்துக்கொள்ளும், அதனால் பாடத்திட்டத்தில் சில பகுதிகளை விட்டாக வேண்டும். ஓர் அறைக்குள் எல்லோரும் பேச முடிகிற எண்ணிக்கைதான் இதற்குத் தாங்கும். வெறுக்கத்தக்க கொள்கையை வாதிடும் பாத்திரம் யாருக்காவது வந்துதான் தீரும். அவரை வகுப்பின் வெறுப்பிலிருந்து காப்பது ஆசிரியரின் பொறுப்பு. பின் வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கு வேலை குறைவு என்று நினைக்க வேண்டாம். யாருக்கு எந்தப் பாத்திரம் பொருந்தும், யார் ஒதுங்கிப்போகிறார், எந்த வாதம் சான்றில்லாமல் நிற்கிறது என்று விரிவுரையைவிடக் கூடுதலாகவே அவர் உழைக்கிறார்.

முழு ஆட்டத்துக்கு வழியில்லாத கல்லூரியிலும் ஒன்றைச் செய்யலாம். நம் சட்டக் கல்லூரிகளில் மாதிரி நீதிமன்றம் நெடுநாளாக நடக்கிறது. வழக்கு என்று வந்ததும் அதே மாணவர்கள் நூலகத்தில் கிடையாய்க் கிடக்கிறார்கள். அந்த வாய்ப்பு ஏன் வரலாற்றுக்கும் பொருளாதாரத்துக்கும் அறிவியலுக்கும் இல்லை? ஒரு செமஸ்டரில் ஒரே ஒரு பாடம், இரண்டே அமர்வு. முடிவை முன்கூட்டியே சொல்லாமல், வாக்கை மாணவர்களிடம் கொடுத்துவிட்டு ஆசிரியர் பின் வரிசைக்குப் போகட்டும். நம் பிள்ளைகள் படிக்கத் தயாராகத்தான் இருக்கிறார்கள். தாங்கள் படித்தது எதையாவது மாற்றும் என்று அவர்களுக்கு நாம் காட்ட வேண்டும்.

மதிப்பெண் முறையையே ஆட்டத்தின் தர்க்கத்தில் மாற்றி அமைக்க முடியுமா? மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பேரி ஃபிஷ்மன் அதற்கு முயன்றார். அவர் வகுப்பில் எல்லோரும் பூஜ்யத்தில் தொடங்குகிறார்கள். அடுத்த வாரம் அங்கே போவோம்.

(தொடரும்)