கீமோ காலத்தில் ஆறாத வயிற்றுப் புண்: அறிய வேண்டியவையும் கேட்டுப் பெற வேண்டியவையும்

புற்றுநோய்க்குத் தரப்படும் கீமோதெரபி மருந்துகளில் பெரும்பாலானவை வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குகின்றன. இரைப்பையின் உட்படலமும் சில நாட்களுக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் செல்களால் ஆனது என்பதால், நோயை ஒடுக்கும் அதே மருந்து வயிற்றுப் புண் ஆறுவதையும் தாமதப்படுத்துகிறது.

இயல்பான உடலில் மேலோட்டமான காயம் ஏற்பட்டால் அருகிலுள்ள செல்கள் சில மணி நேரத்தில் நகர்ந்துவந்து அதை மூடிவிடும். புண் ஆழமானதாயின் விளிம்பில் புதிய செல்கள் பெருகி, புதிய ரத்தக் குழாய்கள் முளைத்து, நார்த்திசு நிரம்பி ஆற வாரக்கணக்கில் ஆகும். 5-ஃப்ளூரோயுராசில், மெத்தோட்ரெக்சேட் ஆகிய கீமோ மருந்துகள் டிஎன்ஏ உருவாவதைத் தடுப்பதால் செல் பெருக்கம் தளர்கிறது. கீமோவோடு சேர்த்துச் சிலருக்குத் தரப்படும் பெவாசிசுமாப், ரத்தக் குழாய் முளைப்பதைத் தடுப்பதோடு அரிதாக இரைப்பையிலோ குடலிலோ துளை விழவும் காரணமாகிறது. காயம் ஆறுவது தாமதமாகும் என்பதாலேயே பெரிய அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும் குறைந்தது 28 நாட்கள் அது தரப்படுவதில்லை. பல கீமோ மருந்துகளில் ஊசி போட்ட 7 முதல் 14 நாட்களுக்குள் வெள்ளை அணுக்களும், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களும் மிகவும் குறைவதால், சிறு புண்ணும் ரத்தக் கசிவிலோ தொற்றிலோ முடியலாம்.

போடிநாயக்கனூரிலிருந்து ஜீப்பில் போடிமெட்டு ஏறிப் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத் தோட்டங்களுக்குச் சென்றுவரும் தொழிலாளர் குடும்பங்கள் இதை அவசியம் அறிய வேண்டும். மலைச்சரிவில் நாள் முழுதும் குனிந்து உழைப்பவர் உடல்வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரைகள், இரைப்பைச் சுவரைக் காக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைக் குறைத்துத் தாமே புண்ணை உண்டாக்கக்கூடியவை; வாந்தியை அடக்கத் தரப்படும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டோடு அவை சேரும்போது ஆபத்து மேலும் கூடுகிறது. வயிற்றெரிச்சலுக்கான ஓமிப்ரசோல்கூட, அதிக அளவில் ஏற்றப்பட்ட மெத்தோட்ரெக்சேட் உடலைவிட்டு வெளியேறுவதைத் தாமதப்படுத்தலாம் என்பதால், கீமோ பெறுபவர் எந்த மாத்திரையையும் மருத்துவரைக் கேட்காமல் விழுங்கக் கூடாது. முன்பே வயிற்றுப் புண் இருந்தவர் அதைச் சிகிச்சைக்கு முன் தெரிவித்து, புண்ணை உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமிக்கான பரிசோதனை தேவையா என்று கேட்க வேண்டும்.

தார்போலக் கறுத்த மலம், ரத்த வாந்தி, திடீரெனத் தொடங்கும் கடும் வயிற்றுவலி, 38 டிகிரி செல்சியஸை எட்டும் காய்ச்சல் ஆகிய எது நேர்ந்தாலும் மறுநாள்வரை காத்திருக்கக் கூடாது. உடனே 108-ஐ அழைக்க வேண்டும். ஸ்டீராய்டு பெறுபவருக்குத் துளை விழுந்தாலும் வலி மந்தமாகவே தெரியக்கூடும்.

இத்தகைய அபாயங்களையும் மாற்று வழிகளையும் விளக்கிய பின்னரே நோயாளியின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்று 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதி. மதுரையில் கீமோ ஏற்றிக்கொண்டு வீடு திரும்பியவர் நள்ளிரவில் ரத்த வாந்தியோடு தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டால், எந்த மருந்து எந்தத் தேதியில் ஏற்றப்பட்டது என்ற குறிப்பே அங்குள்ள மருத்துவருக்கு வழிகாட்டும். ஆகவே ஒவ்வொரு முறையும் அதன் நகலைக் கேட்டு வாங்கிக் கையோடு வைத்திருப்பது உயிர்காக்கும் உரிமையாகும்.

கட்டணம் பெறும் மருத்துவமனையின் கவனக்குறைவால் தீங்கு நேர்ந்தால் 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்கு வழிசெய்கிறது. 2023 ஜூனில் மீண்டும் தொடங்கிய போடிநாயக்கனூர் ரயிலில், சிகிச்சைக்குச் செல்லும் புற்றுநோயாளிக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. ஆபத்துகள் இவ்வளவு இருந்தாலும், புண்ணுக்கு அஞ்சி எவரும் கீமோவைத் தாமாக நிறுத்திவிடலாகாது. மருந்தின் அளவைக் குறைப்பதும், அடுத்த ஊசியைத் தள்ளிவைப்பதும், இரைப்பையைக் காக்கும் மருந்து சேர்ப்பதும் மருத்துவரால் இயலும் என்பதால், தொந்தரவை முதல் நாளிலேயே சொல்வதுதான் சிகிச்சை முறியாமல் தொடர்வதற்கான வழி.